பிரான்சுக்குள் இறக்கிவிடப்பட்ட பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, பிரிட்டன் அங்கே ரகசியமாக அனுப்பிவைத்த பெண்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை பேசினேன். பேச்சு 40 நிமிடம்தான். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் ஓடின. அதன்பிறகு கல்யாண வீட்டில், ரயிலில், வாட்சப்பில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவைத்திருக்கிறேன்.

எஸ்.ஓ.ஈ., எஸ்.ஓ.ஈ.ன்னு சொல்றீங்களே, அது எம்.ஐ.6 தானா?

இல்லை. எம்.ஐ.6 பழைய உளவுத்துறை. சத்தமில்லாமல் தகவல் சேகரிப்பது அதன் வேலை. எஸ்.ஓ.ஈ. என்ற சிறப்பு நடவடிக்கை அமைப்பு, பிரான்ஸ் வீழ்ந்த சூட்டோடு, 1940 ஜூலையில் தொடங்கப்பட்டது. எதிரி பிடித்துவைத்திருக்கும் நாட்டுக்குள் ஆள் அனுப்பி ரயில் பாதையைத் தகர்ப்பது, தொழிற்சாலையை முடக்குவது, உள்ளூர் எதிர்ப்புக் குழுக்களுக்கு ஆயுதமும் பணமும் சேர்ப்பது, இதுதான் அதன் வேலை. லண்டன் பேக்கர் தெருவில் அலுவலகம். பிரான்ஸைக் கவனிக்க ‘எஃப்’ பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர். அவருக்கு வலது கையாக இருந்தவர் வேரா அட்கின்ஸ் என்ற பெண். இந்த இரண்டு பேரும் கீழே அடிக்கடி வருவார்கள்.

இரண்டு துறைக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. இவர்கள் ஒரு பாலத்துக்கு வெடி வைத்தால் அந்த வட்டாரம் முழுக்கப் போலீஸ் குவியும். அங்கே வாயைத் திறக்காமல் தகவல் சேகரித்துக்கொண்டிருந்த எம்.ஐ.6 ஆள் மாட்டிக்கொள்வார்.

அப்போ இவங்க உளவாளியே இல்லையா?

கறாராகச் சொன்னால் ரகசிய முகவர்கள். ஆனால் சாதாரண உடையில், பொய்ப் பெயரில், பொய்க் காகிதங்களோடு திரிந்தார்கள். இவர்களைப் பிடித்துவைத்த ஜெர்மானியர்கள் உளவாளியாகத்தான் நடத்தினார்கள். நானும் பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறேன்.

எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் திரும்பினாங்க?

எஃப் பிரிவு பிரான்சுக்கு அனுப்பியவர்கள் 400 பேருக்கு மேல். அதில் பெண்கள் 39 பேர். இந்த 39 பேரில் 13 பேர் திரும்பவில்லை. முரியல் பிக் என்பவர் 1944 மே மாதம் மூளைக்காய்ச்சலில் பிரான்சிலேயே இறந்தார். மற்ற 12 பேரும் வதைமுகாம்களில் இறந்தார்கள். உள்ளூரிலேயே சேர்க்கப்பட்ட சோனியா ஓல்ஷனெஸ்கி இந்தக் கணக்கில் வரமாட்டார். அவரும் கொல்லப்பட்டார்.

ஆம்பளைங்க கிடைக்கலையா? பெண்களை எதுக்கு அனுப்பணும்?

அன்றைய பிரான்சின் சாலையை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பிரெஞ்சு ஆண்கள் ஜெர்மனியில் போர்க்கைதிகள். 1943 பிப்ரவரியில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்து, இளைஞர்களைப் பிடித்து ஜெர்மன் தொழிற்சாலைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் 25 வயது ஆண் ஒருவன் பகலில் ரயிலில் உட்கார்ந்திருந்தாலே, ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய், உன் காகிதம் எங்கே’ என்று கேட்பார்கள். அதே ரயிலில் ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஊரில் ரேஷன் போதவில்லை, கிராமத்தில் சித்தி வீட்டுக்குப் போய் நாலு முட்டையும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் வாங்கிவருகிறாள், அவ்வளவுதான். பாதி பிரான்ஸ் அப்படித்தான் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தது.

இது லண்டனில் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடவில்லை. பெண்களைப் போர்முனைக்கு அனுப்புவதா என்று மேலிடத்தில் முணுமுணுப்பு இருந்தது. 1942 ஏப்ரலில்தான் முறையான அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஜூலைக் கடைசியில் படகில் பிரான்சுக் கரையில் இறங்கிய இவோன் ருடெல்லாவுக்கு 45 வயது. பயிற்சி கொடுத்து அனுப்பிய முதல் பெண் அவர்தான். செப்டம்பரில் ஆந்த்ரே பொரெல், லீஸ் த பெய்சாக் இருவரும் பாராசூட்டில் குதித்தார்கள்.

அழகா இருந்து அதிகாரிகளை மயக்கி ரகசியம் வாங்குறதுதானே பெண் உளவாளி வேலை? மாதா ஹரி மாதிரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் கேள்வியும் இதுதான். மாதா ஹரி என்பவர் மார்கரெத்தா செல்லெ என்ற டச்சுப் பெண். கீழைத்தேசக் கோயில் நடனக்காரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு பாரிஸில் ஆடியவர். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் பணம் வாங்கினார். பதிலுக்கு உருப்படியாக என்ன ரகசியம் கொடுத்தார் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 1917 அக்டோபரில் வேன்சேனில் சுட்டுக் கொன்றார்கள். போர் மோசமாகப் போய்க்கொண்டிருந்த நேரம், பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. இவர் நூறு வருடமாகப் பெண் உளவாளிகளின் அடையாளமாக நிற்பது விசித்திரம்தான்.

எஃப் பிரிவுப் பெண்களுக்கு வேண்டியது நேர் எதிரானது. திரும்பிப் பார்க்க வைக்கும் முகம் இந்த வேலையில் தொல்லை. லீஸ் த பெய்சாக் புவாத்தியே நகரில் ஓர் அமைதியான விதவையாகக் குடியிருந்தார். வீடு கெஸ்டபோ என்ற ஜெர்மன் ரகசியப் போலீஸின் அலுவலகத்துக்கு அருகில். பழங்கால இடிபாடுகளைப் பார்ப்பதில் ஆசை என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் சுற்றுவார். உண்மையில் விமானம் இறங்கத் தோதான வயல்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

பேச்சுத் திறமையால் காரியம் சாதித்த கதைகளும் இல்லாமல் இல்லை. போலந்துக்காரரான கிறிஸ்டின் கிரான்வில் (இவர் எஃப் பிரிவு அல்ல, எஸ்.ஓ.ஈ.யின் வேறொரு கிளை) 1944 ஆகஸ்டில் தீன்யெ சிறையில் சாவுக்குக் காத்திருந்த மூன்று பேரை மீட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது மயக்குப் பார்வை அல்ல. நேச நாட்டுப் படை வந்து இறங்கிவிட்டது, இவர்களைச் சுட்டால் உங்களை ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்ற மிரட்டலும், 20 லட்சம் பிராங்க் பணமும்தான்.

எப்படி ஆள் பிடிச்சாங்க? விளம்பரமா கொடுத்திருப்பாங்க?

முதல் தகுதி, பிரெஞ்சுக்காரர் சந்தேகப்படாத அளவுக்குப் பிரெஞ்சு. அதனால் அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு என்று இருப்பவர்கள், பிரான்சில் வளர்ந்தவர்கள், பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் கண்ணில் பட்டார்கள். ஒருநாள் கடிதம் வரும், வந்து பார்க்கவும் என்று. செல்வின் ஜெப்சன் என்பவர் ஒரு வெறும் அறையில் உட்கார்ந்து பேசுவார். பேச்சு பிரெஞ்சில் நடக்கும். கடைசியில்தான் விஷயம் தெரியவரும்.

வேலைக்கு வந்தவர்களைப் பார்த்தால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் சம்பந்தமே இருக்காது. வயலெட் ஸாபோ பிரிக்ஸ்டனில் ஒரு கடையில் வாசனைத் திரவியம் விற்றவர். நூர் இனாயத் கான் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பேர்ல் விதரிங்டன் பாரிஸில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர்.

பயிற்சின்னா துப்பாக்கி சுடுறது மாதிரியா?

அதுவும் உண்டு. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் அரிசைக்கில் துப்பாக்கி, வெடிமருந்து, கைச்சண்டை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ரிங்வேயில் பாராசூட். அதற்கும் முன்னால் கில்ட்ஃபோர்டு அருகில் ஒரு பழைய மாளிகையில் ஆளை எடைபோடுவார்கள். அங்கே மது தாராளமாகக் கிடைக்கும். குடித்தால் வாய் எப்படித் திறக்கிறது என்று பார்க்கத்தான்.

கடைசிக் கட்டம் தெற்கு இங்கிலாந்தில் உள்ள பியூலி. அங்கேதான் பொய் வாழ்க்கையை வாழக் கற்றுக்கொடுத்தார்கள். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், அத்தை பெயர் என்று ஒரு முழுக் கதையையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நடுராத்திரியில் கெஸ்டபோ சீருடையில் ஆட்கள் வந்து படுக்கையிலிருந்து இழுத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி விசாரிப்பார்கள். ஆட்கள் போலி என்று தெரிந்தாலும் உடம்பு நடுங்கும் என்று அதில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆளைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். பிரான்சில் பால் கிடையாது, எல்லாக் கடையிலும் வரக்காப்பிதான். அங்கே போய் “பால் இல்லாமல் ஒரு காப்பி” என்று கேட்டால் போச்சு, வெளியிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்து வழக்கத்தில் தெருவைக் கடக்கும்போது வலப்பக்கம் பார்த்தாலும் அதே கதி. உடைகள் பிரெஞ்சு முறையில் தைக்கப்பட்டன. பல் அடைப்பைக்கூட மாற்றினார்கள். விமானம் ஏறும் முன் வேரா அட்கின்ஸ் தானே நின்று பைகளைத் துழாவுவார். ஒரு லண்டன் பஸ் டிக்கெட் கிடந்தாலும் உயிர் போய்விடும்.

அங்க போய் தினமும் என்னதான் செஞ்சாங்க?

ஒரு குழுவில் பொதுவாக மூன்று பொறுப்பு. அமைப்பாளர், தூதர், வயர்லெஸ் இயக்குபவர். பெரும்பாலும் பெண்களுக்குக் கொடுத்தது பின்னால் சொன்ன இரண்டும். தூதரின் வேலை அலைவது. ஒரு ஊரில் உள்ள ஆளின் செய்தியை இன்னொரு ஊரில் உள்ள ஆளுக்குக் கொண்டுசெல்வது, பணம் கொடுப்பது, வெடிமருந்து கடத்துவது, ஆயுதம் விழப்போகும் வயலுக்கு ஆள் சேர்ப்பது. தொலைபேசியும் தபாலும் கண்காணிப்பில் இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் காலால் மிதித்துத்தான் போய்ச் சேர வேண்டும். ஓவெர்ன்யில் வேலை பார்த்த நான்சி வேக், தன் குழுவின் வயர்லெஸ் தொடர்பு அறுந்தபோது, லண்டனுக்குத் தகவல் அனுப்ப வழி தேடிப் போக 500 கிலோமீட்டர் தூரத்தைச் சைக்கிளில் மூன்று நாளில் முடித்துத் திரும்பினார். அதன்பிறகு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

விமானம் வருவது நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் மட்டும். லைசாண்டர் என்ற சின்ன விமானம் வயலிலேயே இறங்கும். மூன்று விளக்குகளைத் தலைகீழ் ‘எல்’ வடிவில் வைத்துக்கொண்டு கீழே ஆட்கள் காத்திருப்பார்கள். வந்தவரை இறக்கி, போகிறவரை ஏற்றிக்கொண்டு சில நிமிடத்தில் கிளம்பிவிடும்.

வயர்லெஸ் வேலை ரொம்ப ஆபத்துன்னு சொல்றாங்களே, உட்கார்ந்து செய்ற வேலைதானே?

உட்கார்ந்து செய்வதால்தான் ஆபத்து. கருவி ஒரு சூட்கேஸுக்குள் இருக்கும், எடை சுமார் 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாற வேண்டும். பல மீட்டர் நீளமுள்ள ஏரியல் கம்பியை மரத்திலோ ஜன்னலிலோ கட்ட வேண்டும். தந்தி முறையில் தட்டத் தொடங்கியதுமே ஜெர்மானியரின் வேன்கள் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேட ஆரம்பிக்கும். நகரத்தில் அரை மணி நேரத்துக்குள் தெருவையே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு வயர்லெஸ் ஆள் ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

சங்கேதத்துக்கு ஆரம்பத்தில் கவிதை. ஆளுக்கொரு கவிதையை மனப்பாடம் செய்து, அதன் சொற்களை வைத்து எழுத்துகளை இடம் மாற்றுவார்கள். பிரபலமான கவிதை என்றால் எதிரி ஊகித்துவிடலாம், சித்திரவதையில் வாங்கியும் விடலாம். அதனால் லியோ மார்க்ஸ் என்ற இளைஞர் சங்கேதச் சாவிகளைப் பட்டுத் துணியில் அச்சிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பட்டு சரசரக்காது, துணிக்குள் தைத்துவிடலாம், பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிடலாம். நினைவில் இல்லாததை அடித்தும் வாங்க முடியாது.

நூர் இனாயத் கான் திப்பு சுல்தான் வம்சமாமே, நிஜமா?

அவர் அப்பா ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவில் பிறந்த இசைக் கலைஞர், சூஃபி குரு. அவருடைய தாய்வழியில் திப்புவின் பேத்தி ஒருவர் வருகிறார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிவருவது. நம் ஊருக்கும் இதில் ஒரு மூலை உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கம்பெனியார் வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1806 வேலூர் சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு மாற்றினார்கள்.

நூர் 1914 ஜனவரி 1-ஆம் தேதி மாஸ்கோவில் பிறந்தார். அம்மா அமெரிக்கர். வளர்ந்தது பாரிஸுக்குப் பக்கத்தில் சுரேன் என்ற ஊரில். குழந்தை உளவியல் படித்தார், வீணையும் வாசித்தார், புத்தரின் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939-ல் வெளியிட்டார். பிரான்ஸ் விழுந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடிவந்தது. விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் கற்றார். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுச் செத்தவரின் வம்சத்துப் பெண் பிரிட்டனுக்காகப் போனது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. இந்திய விடுதலையை ஆதரிப்பவர்தான் அவர், அதை அதிகாரிகளிடம் மறைக்கவும் இல்லை. முதலில் நாஜிகளை ஒழிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவங்க இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னு படிச்சேன். அப்புறம் ஏன் அனுப்பினாங்க?

பயிற்சி அறிக்கையில் கடுமையாகத்தான் எழுதியிருந்தார்கள். கூச்ச சுபாவம், பொய் சொல்லத் தயக்கம், மூளை அதிகம் இல்லை என்றுகூட ஒருவர் எழுதினார். பக்மாஸ்டர் அந்தக் குறிப்பின் ஓரத்தில் எரிச்சலோடு மறுப்பு எழுதினார். உண்மைக் காரணம், பிரெஞ்சு பேசும் வயர்லெஸ் ஆட்களுக்குக் கடும் பஞ்சம். எஃப் பிரிவு பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் நூர்தான். 1943 ஜூன் 16 இரவு லைசாண்டரில் போய் இறங்கினார். அதே இரவில் டயானா ரோடன், செசிலி லெஃபோர் என்ற இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். மூவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை, பாரிஸில் இருந்த ‘ப்ராஸ்பர்’ என்ற பெரிய குழு மொத்தமாகப் பிடிபட்டது. திரும்பி வா என்று லண்டன் சொன்னது. தன்னை விட்டால் பாரிஸில் தொடர்புக்கு ஆள் இல்லை என்று நூர் மறுத்துவிட்டார். தலைமுடிக்குச் சாயம் மாற்றி, வீடு மாற்றி, பழைய சிநேகிதிகள் வீட்டு ஜன்னல்களில் ஏரியல் கட்டி, அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். லாயக்கில்லாதவர் என்று எழுதப்பட்டவர் நான்கு மாதம் தனியாக நின்றார். ஆறு வாரக் கணக்கை மேலே சொன்னேன்.

ஆனால் ஒரு தவறு செய்தார், அதையும் சொல்ல வேண்டும். அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். செய்திகளைக் கவனமாகக் கையாளச் சொன்ன உத்தரவைச் சேர்த்துவைக்கச் சொல்வதாகப் புரிந்துகொண்டார் என்று ஒரு விளக்கம் உண்டு. பிடிபட்டபோது அந்த நோட்டும் கருவியும் ஜெர்மானியர் கையில் சிக்கின. விசாரணையில் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை என்று பாரிஸில் இருந்த ஜெர்மன் உளவுப் பிரிவின் தலைவர் கீஃபர் போருக்குப் பிறகு சாட்சி சொன்னார். இரண்டு முறை தப்பிக்க முயன்றார். பிறகு ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கைகாலில் சங்கிலியோடு பத்து மாதம். 1944 செப்டம்பர் 13 அன்று டாகா வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூடவே இன்னும் மூன்று எஃப் பிரிவுப் பெண்கள்.

கருவி எதிரி கையில போனது லண்டனுக்குத் தெரியலையா?

இந்தக் கதையில் என்னால் மன்னிக்க முடியாத இடம் இது. ஒவ்வொரு வயர்லெஸ் ஆளுக்கும் பாதுகாப்பு அடையாளம் ஒன்று உண்டு, செய்தியில் வேண்டுமென்றே செய்யும் ஒரு சின்னப் பிழை போல. அது இல்லாமல் செய்தி வந்தால் ஆள் பிடிபட்டார் என்று அர்த்தம். ப்ராஸ்பர் குழுவின் கில்பர்ட் நார்மன் பெயரில் அடையாளம் இல்லாமல் ஒரு செய்தி வந்தது. “அடையாளம் போட மறந்துவிட்டாய், அடுத்தமுறை கவனம்” என்று லண்டன் பதில் அனுப்பியது. கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெர்மானியருக்கு இதைவிட நல்ல தகவல் கிடைத்திருக்காது.

நூரின் கருவியிலும் ஜெர்மானியர் இதே விளையாட்டை ஆடினார்கள். 1944 பிப்ரவரிக் கடைசியில் மதலேன் தமெர்மோ என்ற பெண்ணும் இரண்டு ஆண்களும் ஷார்த்ர் அருகே குதித்தபோது, கீழே வரவேற்கக் காத்திருந்தவர்கள் கெஸ்டபோ ஆட்கள். டாகாவில் நூரோடு சுடப்பட்டவர்களில் தமெர்மோவும் ஒருவர்.

யார் காட்டிக்கொடுத்தது?

நூரைப் பொறுத்தவரை, பணத்துக்காகக் காட்டிக்கொடுத்ததாக, கூட வேலை பார்த்த ஒருவரின் சகோதரி மீது போருக்குப் பிறகு வழக்கு நடந்தது. அவர் விடுதலை ஆனார். அதைவிடச் சிக்கலான ஆள் ஆன்ரி தெரிக்கூர். நூர் வந்த விமானத்தை வயலில் நின்று வரவேற்றவர், எஃப் பிரிவின் விமான ஏற்பாட்டாளர். ஜெர்மானியரோடும் தொடர்பில் இருந்தார். 1948-ல் வழக்கு நடந்தது, அவரும் விடுதலை. ஒரு கையில் எத்தனை பேரைக் காப்பாற்றினார், மறு கையில் எத்தனை பேரைக் கொடுத்தார் என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

பெண்களே காட்டிக்கொடுத்ததில்லையா?

உண்டு. மத்தில்த் கரே என்ற பிரெஞ்சுப் பெண், போலந்து அதிகாரி ஒருவரோடு சேர்ந்து பாரிஸில் ஒரு பெரிய உளவு வலையை நடத்தினார். 1941 நவம்பரில் பிடிபட்டதும் ஒரே நாளில் பக்கம் மாறி, தன் ஆட்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்தார். பிறகு பிரிட்டனுக்கு வந்து மூன்றாவது முறை பக்கம் மாறப் பார்த்தார். 1949-ல் மரண தண்டனை விதித்துப் பிறகு குறைத்தார்கள், 1954-ல் வெளியே வந்தார். பெண்கள் என்றால் தியாகத் திருவுருவம் என்று ஒரேயடியாக எழுதுபவர்கள் இவரை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கால் இல்லாத உளவாளி ஒருத்தர் இருந்தாங்களாமே?

வர்ஜீனியா ஹால், அமெரிக்கர். 1933-ல் துருக்கியில் வேட்டையின்போது தன் துப்பாக்கியே வெடித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மரக்காலுக்கு ‘கத்பர்ட்’ என்று பெயர் வைத்திருந்தார். மேலே சொன்ன 1942 அனுமதிக்கெல்லாம் முன்பே, 1941 ஆகஸ்டிலேயே, அமெரிக்கப் பத்திரிகை நிருபர் என்ற பெயரில் பிரான்சுக்குப் போய்விட்டார். லியோனில் அவர் வீடு வந்துபோகும் எல்லா முகவர்களுக்கும் சத்திரம் மாதிரி.

1942 நவம்பரில் ஜெர்மானியர் தெற்குப் பிரான்சுக்குள்ளும் புகுந்ததும், பனி மூடிய பிரனீஸ் மலையை நடந்தே கடந்து ஸ்பெயினுக்குப் போனார். வழியில் “கத்பர்ட் தொல்லை கொடுக்கிறான்” என்று செய்தி அனுப்ப, அது யாரோ ஆள் என்று நினைத்த லண்டன், “தொல்லை என்றால் தீர்த்துவிடுங்கள்” என்று பதில் அனுப்பியதாம். 1944-ல் அமெரிக்க உளவு அமைப்பின் சார்பில் மீண்டும் பிரான்சுக்குள் போனார். நொண்டும் பெண்ணை கெஸ்டபோ தேடிக்கொண்டிருந்ததால், கனத்த பாவாடை கட்டிக் காலைத் தேய்த்து நடக்கும் கிழவியாக மாறி ஆடு மேய்த்தார்.

தலைமைப் பொறுப்பு யாருக்குமே கொடுக்கலையா?

கொடுத்து அனுப்பவில்லை, விழுந்தது. பேர்ல் விதரிங்டன் தூதராகப் போனவர். 1944 மே 1-ஆம் தேதி அவர் தலைவர் பிடிபட்டார். குழு இரண்டாகப் பிரிய, ஒரு பாதியைப் பேர்ல் ஏற்று நடத்தினார். அவருக்குக் கீழே 3,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பாரிஸிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியர் அவர் தலைக்கு 10 லட்சம் பிராங்க் விலை வைத்தார்கள்.

பிடிபட்டா போர்க்கைதியா நடத்த மாட்டாங்களா? ஜெனிவா ஒப்பந்தம் இருக்கே?

சீருடை இல்லாமல் எதிரி மண்ணில் பிடிபட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இதற்காகத்தான் பல பெண்களை ‘ஃபேனி’ என்ற முதலுதவி அமைப்பிலும் விமானப்படை மகளிர் பிரிவிலும் பெயருக்கு அதிகாரியாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு ராணுவப் பதவி இருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்குமே என்ற நப்பாசை. பலிக்கவில்லை. ‘இரவும் மூடுபனியும்’ என்று பெயரிட்ட ஓர் உத்தரவை 1941 டிசம்பரில் ஹிட்லர் போட்டிருந்தார். அதன்படி கைதிகள் தடயமே இல்லாமல் மறைய வேண்டும், குடும்பத்துக்கு எந்தத் தகவலும் போகக் கூடாது.

அப்படி மறைஞ்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எப்படித் தெரிஞ்சது?

பைகளைத் துழாவி வழியனுப்பினாரே வேரா அட்கின்ஸ், அவர் போய்த் தேடினார். போர் முடிந்ததும் எஸ்.ஓ.ஈ.யைக் கலைத்துவிட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேட அரசுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இவர் விடாமல் அனுமதி வாங்கி ஜெர்மனிக்குப் போய், சிறை அதிகாரிகள், முகாம் காவலர்கள், உயிர் தப்பிய கைதிகள் என்று ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரித்தார். எஃப் பிரிவில் காணாமல் போன 118 பேரில் 117 பேரின் முடிவைக் கண்டுபிடித்தார். இவர் ருமேனியாவில் பிறந்தவர். போர் நடந்த பெரும்பகுதிக் காலம் இவருக்கே பிரிட்டிஷ் குடியுரிமை கிடையாது.

நாட்ஸ்வைலர் முகாமில் 1944 ஜூலை 6 அன்று நான்கு பெண்களை விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். அங்கே கைதியாக இருந்த பிரையன் ஸ்டோன்ஹவுஸ் என்ற எஸ்.ஓ.ஈ. ஆள் ஓவியர். அந்தப் பெண்கள் நடந்துபோனதைப் பார்த்து, உடை, முடி, கையில் இருந்த பை என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்து வரைந்து காட்டினார். மூன்று பேரை அடையாளம் தெரிந்தது. நான்காமவர் நூர் என்று வேரா முடிவுகட்டினார், குடும்பத்துக்கும் அப்படியே சொல்லப்பட்டது. அது தவறு. ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் ஒரு கைதி தன் சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் ‘நோரா பேக்கர்’ என்ற பெயரையும் ஒரு லண்டன் முகவரியையும் கீறிப் பக்கத்து அறைக் கைதிகளுக்குக் காட்டியிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. அது நூர் விமானப் படையில் வைத்திருந்த பெயர். நாட்ஸ்வைலரின் நான்காவது பெண், முதலில் சொன்ன சோனியா ஓல்ஷனெஸ்கி.

கைக்குழந்தைக்காரியை அனுப்புறது எந்த ஊர் நியாயம்?

வயலெட் ஸாபோவைப் பற்றித்தான் இதைக் கேட்பார்கள், பெரும்பாலும் பெண்களே கேட்பார்கள். கணவர் 1942 அக்டோபரில் எகிப்தில் எல் அலமைன் போரில் இறந்தார், மகளைப் பார்க்காமலேயே. மகள் தானியாவுக்கு இரண்டு வயது நிரம்பும் நேரத்தில், 1944 ஜூனில், வயலெட் இரண்டாம் முறை போனார். மூன்றாம் நாளே பிடிபட்டார். 1945 தொடக்கத்தில் ராவன்ஸ்புரூக் முகாமில் கொன்றார்கள், வயது 23. ஓடெட் சான்சமுக்கு மூன்று மகள்கள். அவர் முகாமிலிருந்து உயிரோடு வந்தார்.

அப்பாக்களும்தான் போனார்கள், அவர்களைப் பற்றி யாரும் இதைக் கேட்பதில்லை என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் கேட்பவரிடம் இதைச் சொல்லி வாயடைக்க மனம் வருவதில்லை. வயலெட்டின் ஜார்ஜ் சிலுவைப் பதக்கத்தை 1947-ல் அரசரிடமிருந்து வாங்கியது அந்தச் சின்னப் பெண்.

பதக்கம், பட்டமெல்லாம் ஒழுங்கா கொடுத்தாங்களா?

ஓடெட், வயலெட், நூர் மூவருக்கும் ஜார்ஜ் சிலுவை கிடைத்தது, நூருக்கு 1949-ல். மற்றவர்கள் விஷயத்தில் இழுபறிதான். பேர்ல் விதரிங்டனுக்கு எம்.பி.ஈ. பட்டத்தின் சிவிலியன் பிரிவைக் கொடுத்தார்கள். தான் செய்ததில் சிவிலியன் வேலை எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார், பிறகு ராணுவப் பிரிவில் கொடுத்தார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய குறை பாராசூட் இறக்கைச் சின்னம். அதற்கு ஐந்து முறை குதித்திருக்க வேண்டும். ஆண்களுக்குப் பயிற்சியில் நான்கு குதிப்பு, பெண்களுக்கு மூன்றுதான். எதிரி நாட்டில் குதித்ததைச் சேர்த்தாலும் நான்கு. அந்தச் சின்னம் 2006-ல் அவர் வீட்டுக்கு வந்தது. வர்ஜீனியா ஹால் விஷயம் வேறு. அதிபர் ட்ரூமன் பொது விழாவில் பதக்கம் அணிவிக்க நினைத்தபோது, முகம் தெரிந்தால் இனி வேலைக்குப் போக முடியாது என்று மறுத்து, அலுவலகத்துக்குள்ளேயே வாங்கிக்கொண்டார்.

இப்போ யாராவது உயிரோட இருக்காங்களா?

கடைசியாக இருந்தவர் ஃபிலிஸ் லட்டூர். 2023 அக்டோபரில் நியூசிலாந்தில், 102 வயதில் இறந்தார். 1944 மே 1-ஆம் தேதி நார்மண்டியில் குதித்தவர். சோப்பு விற்கும் சிறுமியாகச் சைக்கிளில் சுற்றி, ஜெர்மன் வீரர்களிடமே சிரித்துப் பேசி, 135 செய்திகளை லண்டனுக்கு அனுப்பினார். மேலே சொன்ன பட்டுச் சாவியைத் தலைமுடி கட்டும் நாடாவுக்குள் சுருட்டிவைத்திருந்தார். ஒருமுறை சோதனையில் அதையும் அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்துத் தலையை உதறிக் காட்டினார், விட்டுவிட்டார்கள்.

போருக்குப் பிறகு கல்யாணம், நாலு பிள்ளைகள். யாரிடமும் மூச்சு விடவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூத்த மகன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து கேட்டபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. பதக்கங்களைக்கூட அவர் வாங்கிவைத்திருக்கவில்லை. பிள்ளைகள் வற்புறுத்திய பிறகுதான் எழுதிக் கேட்டு வாங்கினார்.